கேட்பதா, படிப்பதா: புத்தகத்தின் வேகம் யார் கையில்?

எழுநூறு பக்கத்துக்கு மேல் போகும் ஒரு நாவல். மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் நூறாவது பக்கத்தைத் தாண்டாமல் விட்டிருக்கிறேன். பிடிக்காமல் விடவில்லை. முதல் பகுதி முழுக்க ஒரு பெரிய குடும்பத்தின் பெயர்கள், உறவுகள், பழைய பகை என்று கதை நிதானமாக நடக்கும். இரவில் பத்துப் பக்கம் படிப்பதற்குள் கண் சொக்கிவிடும். மறுநாள் எந்த இடத்தில் விட்டேன், இந்தப் பெயர் யாருடையது என்று நான்கு பக்கம் பின்னால் போய்த் தேட வேண்டும். இப்படியே இரண்டு வாரம் போனால் நாவல் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

நான்காவது முறை அதை ஒலிப்புத்தகமாகக் கேட்டேன். காலை நடையில் ஒரு மணி நேரம், சில நாள் மாலையிலும் கொஞ்சம். ஐந்து வாரத்தில் முடிந்தது. என்னை மூன்று முறை திருப்பி அனுப்பிய அதே நூறு பக்கங்கள் காது வழியே நான்கு நாளில் கடந்துபோயின. ஐந்தாம் நாள் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் யார் யாருடன் பேசமாட்டார்கள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த உற்சாகத்தில், நினைவு மூளையில் எப்படித் தங்குகிறது என்பதைப் பற்றிய ஓர் அறிவியல் நூலையும் கேட்டேன். ஒவ்வொரு அத்தியாயமும் கேட்கும்போது தெளிவாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து நண்பர் ஒருவர், "அதுல என்னதான் சொல்றாங்க?" என்று கேட்டார். இரண்டு உதாரணங்கள் நினைவுக்கு வந்தன. அவை எந்த வாதத்துக்கான உதாரணங்கள் என்பது வரவில்லை. அச்சுப் பிரதி ஒன்றை வாங்கி, பென்சிலோடு உட்கார்ந்து படித்த பிறகுதான் அந்த நூல் எனக்குப் பிடிபட்டது.

இந்த இரண்டு அனுபவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எது சிறந்தது என்று கேட்பதால் பயனில்லை என்று தோன்றியது. அதன்பிறகு ஒரு புத்தகத்தை எடுக்குமுன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதன் வேகம் யார் கையில் இருந்தால் நல்லது? அச்சில் வேகம் என் கையில். ஒலிப்புத்தகத்தில் அதை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறேன். இரண்டிலும் இன்பம் உண்டு; ஆனால் அவை வேறு வேறு இன்பங்கள். சில புத்தகங்கள் ஒப்படைத்தால் திறக்கும், சில புத்தகங்கள் ஒப்படைத்தால் கைநழுவிப் போகும்.

மணிக்கணக்கு

முதலில் எளிய கணக்கைப் பார்த்துவிடலாம். ஆங்கில வாசிப்பு பற்றிய 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் மார்க் பிரைஸ்பார்ட் வெளியிட்ட கட்டுரையின்படி, பெரியவர்கள் மௌனமாகப் படிக்கும்போது சராசரியாக நிமிடத்துக்குக் கட்டுரை நூல்களில் 238 சொற்கள், கதைகளில் 260 சொற்கள் போகிறார்கள். வாய்விட்டுப் படித்தால் 183. ஒலிப்புத்தகத்துக்குக் குரல் கொடுப்பவர்கள் அதைவிடவும் நிதானமாக, பெரும்பாலும் 150 முதல் 160 சொற்கள் என்ற அளவில் போகிறார்கள். 80,000 சொற்கள் கொண்ட ஒரு நாவலைக் கண்ணால் படிக்க 5 மணி நேரம் போதும். காதால் கேட்க எட்டரை மணி நேரம் வேண்டும். விகுதியும் வேற்றுமை உருபும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும் தமிழில் சொல்லின் எண்ணிக்கை குறையும், ஆனால் கண் முந்தும் என்பது மாறாது.

ஆக, நேரத்தை மிச்சப்படுத்தத்தான் ஒலிப்புத்தகம் என்று யாராவது சொன்னால் அது பாதிதான் சரி. கேட்பதற்கு ஆகும் நேரம் அதிகம். ஆனால் அது வேறு எதற்கும் ஆகாத நேரத்திலிருந்து வருகிறது. துணி மடிக்கும் நேரம், நடக்கும் நேரம், பேருந்தில் நின்றுகொண்டே போகும் நேரம். அங்கே கண்ணும் கையும் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வசதியும் கிடையாது. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிக்க, நூற்றுக்கணக்கானோர் புகையிலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்கள். படிப்பவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த மேடையின் வழியாகப் பெரிய நாவல்களைக் கேட்டுப் பழகினார்கள். கைக்குப் பழகிப்போன வேலை, அதிலிருந்து விடுபட்ட மனம், கதை சொல்லும் ஒரு குரல்: ஒலிப்புத்தகத்தின் இன்பம் முழுவதும் அந்தக் கூடத்திலேயே இருந்தது.

எந்த வேலையோடு கேட்கலாம் என்பதையும் அந்தக் கூடமே சொல்லிவிடுகிறது. கை தானாகச் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவலாம், செடிக்குத் தண்ணீர் விடலாம், பழகிய பாதையில் நடக்கலாம். ஆனால் ஒரு கடிதம் எழுதிக்கொண்டே கேட்க முடியாது. மொழியில் செய்கிற இரண்டு வேலைகள் ஒன்றையொன்று தள்ளிவிடும், இரண்டில் ஒன்று வெறும் சத்தமாகிவிடும். நெரிசலான சாலையைக் கடக்கும்போது கதையை நிறுத்திவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது.

கேட்டால் அது வாசித்த கணக்கா?

கேட்பது ஏதோ குறுக்கு வழி, நிஜமான வாசிப்பில்லை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். வாசிப்பின் வரலாற்றைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. மௌன வாசிப்பு எல்லோருக்கும் பொதுவான பழக்கமானது பின்னால் வந்த கதை. நம் ஓலைச்சுவடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, பெரும்பாலும் புள்ளி கிடையாது, காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் சொல் பிரியும், பொருள் தெரியும். எழுத்து என்பது ஒலிக்கான குறிப்பாகத்தான் இருந்தது. பலர் கூடியிருக்க ஒருவர் படித்தார், மற்றவர்கள் கேட்டார்கள், அதையெல்லாம் நூல் கற்றதாகத்தான் கணக்கில் வைத்தார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜாக் கேலண்ட் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதைகளை ஒரு முறை கேட்கவும் ஒரு முறை படிக்கவும் வைத்து மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்தார்கள். சொற்களின் பொருளை மூளை கையாளும் விதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 2016இல் பெத் ரொகோவ்ஸ்கி குழுவினர் ஒரு நூலின் பகுதிகளைச் சிலருக்கு ஒலியாகவும் சிலருக்கு மின்வாசிப்பானிலும் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். உடனடியாகவும் இரண்டு வாரம் கழித்தும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் கேட்பவர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2010இல் டேனியலும் வூடியும் ஒரு பாடக் கட்டுரையை மாணவர்களில் ஒரு பிரிவுக்கு ஒலிப்பதிவாகவும் மற்றொரு பிரிவுக்கு எழுத்தாகவும் கொடுத்தபோது, கேட்டவர்கள் தேர்வில் தெளிவாகப் பின்தங்கினார்கள். 2013இல் வந்த வேறோர் ஆய்வில் மனம் மிக அதிகமாக அலைந்தது கேட்கும்போதுதான். வாய்விட்டுப் படிக்கும்போது மிகக் குறைவாக அலைந்தது. இப்படிப் பல ஆய்வுகளைத் திரட்டிய விர்ஜினியா கிளிண்டன்-லிசெல் 2022இல் கண்டது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் படிப்பவர் தன் வேகத்தில் போகலாம் என்று விட்டுவிட்டால், படிப்பவர் கை ஓங்குகிறது. நேரடியாகச் சொல்லப்படாததை ஊகித்துப் புரிந்துகொள்ள வேண்டிய இடங்களிலும் அப்படியே.

தன் வேகத்தில் போவது என்பதன் நுட்பத்தைக் கண்ணின் அசைவில் பார்க்கலாம். படிக்கும்போது கண் ஒரே சீராக ஓடுவதில்லை. தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையில் கால் நொடிபோல நிற்கிறது. அந்தத் தாவல்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பின்னோக்கிப் போவது. புரியாத சொல்லுக்கு, தப்பாகப் பிரித்துவிட்ட தொடருக்கு, நமக்கே தெரியாமல் கண் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்துவிடுகிறது. காதுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. 15 நொடி பின்னால் போகும் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். கை ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுவோம். என் அறிவியல் நூல் நழுவியது இந்த இடத்தில்தான்.

குரல் என்ன செய்கிறது

ஒலிப்புத்தகத்தின் பெரிய இன்பம் என்று கேட்டால், வசதியைச் சொல்ல மாட்டேன், குரலைச் சொல்வேன். நல்ல வாசிப்பாளர் ஒருவர் ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லின் மேல் எடை வைக்க வேண்டும் என்பதை உங்களுக்கு முன்பே யோசித்து முடித்திருக்கிறார். நீங்கள் அவசரத்தில் தாண்டிப்போகும் ஒரு சின்ன "ம்" அவர் வாயில் ஒரு நொடி தங்கும். அந்த ஒரு நொடியில் பேசுகிறவருக்கு விருப்பமில்லை என்பது தெரிந்துவிடும்.

தமிழில் குரலின் பங்கு இன்னும் கூடுதல். நம் எழுத்து, ஒலியைப் படிப்பவரிடம் விட்டுவைக்கிற எழுத்து. 'அவள் முகத்தில் பாவம் தெரிந்தது' என்று ஒரு வரி வருகிறது. அது இரக்கம் வரவைக்கும் பாவமா, நடிப்பில் வருகிற பாவமா? அச்சில் ஒரே எழுத்துதான். படிப்பவர் சூழலை வைத்து முடிவு செய்ய வேண்டும், சில நேரம் இரண்டு பொருளும் சேர்ந்தே மனதில் நிற்கும். வாசிப்பாளரால் இரண்டையும் உச்சரிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அதனால் ஒரு தெளிவு கிடைக்கிறது, ஒரு சாத்தியம் போய்விடுகிறது. அச்சுக்கும் ஒலிக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் எனக்கு இந்த ஒரு சொல்லை வைத்தே சொல்லிவிடலாம் போலிருக்கும்.

வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவல்களுக்குக் குரல் ஒரு கொடை. நமக்குப் பழக்கமில்லாத வழக்கு அச்சில் வரும்போது ஒவ்வொரு உரையாடலையும் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் ஆகிவிடும். எங்கே இழுப்பது, எங்கே அழுத்துவது என்று தெரியாது. அந்த வழக்கைப் பேசி வளர்ந்த ஒருவர் படித்துக் கேட்டால் பத்தாவது நிமிடத்தில் காது பழகிவிடும். பிறகு அச்சுப் பிரதியை எடுத்தாலும் அந்த இராகம் கூடவே வரும்.

அதே குரல் ஒரு புத்தகத்தைக் கெடுத்துவிடவும் முடியும். நான் ஆசையாகத் தொடங்கிய ஒரு நாவலில் மழையெல்லாம் 'மளை'யாகப் பெய்தது, வழியெல்லாம் 'வளி'யாக நீண்டது. மூன்றாவது அத்தியாயத்தில் நிறுத்தி, அச்சில் வாங்கிப் படித்தேன். நல்ல நாவல். எழுத்தாளர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனால் அந்தக் குரலோடு அவருக்கு என்னால் நியாயம் செய்திருக்க முடியாது. வேறு சிலர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நாடகக் குரல் போடுவார்கள்; கிழவர் வந்தால் நடுக்கம், குழந்தை வந்தால் கீச்சு. ஐந்து நிமிடம் சுவையாக இருக்கும், பத்து மணி நேரம் தாங்காது. எனக்குப் பிடித்த வாசிப்பாளர்கள் பாத்திரமாக நடிப்பதில்லை. குரலை ஒரு இழை மட்டும் மாற்றி, பேசுவது யார் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

இப்போது கணினியே படிக்கும் ஒலிப்புத்தகங்களும் வருகின்றன. உச்சரிப்பு முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது, செய்திக் கட்டுரைக்குப் போதும். ஒரு கதையில் துக்கத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் சிரித்துப் பேசும் இடத்தில், அந்தக் குரலுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. கதைக்கு நான் மனிதக் குரலையே தேடுவேன்.

அதனால் ஒலிப்புத்தகம் எடுக்குமுன் மாதிரிப் பகுதியை ஐந்து நிமிடமாவது கேளுங்கள். பாதி வேகத்திலோ ஒன்றரை மடங்கிலோ கேட்காமல் அதன் இயல்பான வேகத்திலேயே கேளுங்கள். அப்புறம், சுருக்கப்படாத முழு வடிவமா என்று பாருங்கள். ஒலிநாடா காலத்தில் இடமும் செலவும் கருதி நாவல்களைப் பாதியாக வெட்டிப் பதிவு செய்வது சாதாரணமாக இருந்தது. அப்படிப்பட்ட பழைய பதிவுகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பக்கத்தில் இருக்கும் இடம்

அச்சுப் புத்தகத்தின் இன்பம் என்றதும் காகித வாசனை என்று தொடங்குவார்கள். அது எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் நான் அச்சுக்குத் திரும்பித் திரும்பிப் போவதற்குக் காரணம் வேறு. அச்சில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்தக் கடிதம் வரும் காட்சி இடப்பக்கத்தில், கீழே, பத்தி முடிகிற இடத்தில் இருந்தது என்று பல வருடம் கழித்தும் நினைவிருக்கும். தேடினால் கை அந்தத் தடிமனில் தானாகப் பிரிக்கும். 2019இல் ஆனெ மாங்கென் குழுவினர் நீளமான ஒரு கதையைச் சிலருக்கு அச்சிலும் சிலருக்கு மின்வாசிப்பானிலும் படிக்கக் கொடுத்தார்கள். நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் நடந்தன என்பதை அச்சில் படித்தவர்களே கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். பக்கங்கள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டே போவதைத் தொட்டு உணர்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. ஒலிப்புத்தகத்தில் ஒரு வரிக்கு இடம் கிடையாது, நேரம்தான் உண்டு. நேரம் கடந்துபோய்விடும். ஒரு காட்சியைக் கேட்டபோது நான் எந்தத் தெருவின் திருப்பத்தில் இருந்தேன் என்பது நினைவிருக்கிறது. அது பதிவின் எந்த மணி, எந்த நிமிடம் என்பது நினைவில் இருப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று, தலையை நிமிர்த்துவது. நல்ல புத்தகம் படிக்கும்போது ஒரு வரி நம்மை நிறுத்தும். கண் பக்கத்தை விட்டு மேலே வரும், ஜன்னலைப் பார்ப்போம், எதையோ நினைப்போம். அரை நிமிடமோ ஐந்து நிமிடமோ கழித்து மறுபடியும் குனிவோம். புத்தகம் அந்த வரியிலேயே காத்திருக்கும். இப்படி நிறுத்துவதற்கு நாம் முடிவு செய்வதுகூட இல்லை, அது தானாக நடக்கிறது. என் வாசிப்பில் பாதி இன்பம் இந்த நிமிர்ந்த நேரங்களில்தான் இருக்கிறது. ஒலிப்புத்தகம் காத்திருக்காது. அந்த வரி என்னைத் தொட்ட அடுத்த நொடியிலேயே அடுத்த வரி வந்துவிடுகிறது. இரண்டில் ஒன்றை நான் விட்டாக வேண்டும்.

பென்சிலும் அச்சின் பக்கம்தான். ஓரத்தில் ஒரு கோடு, ஒரு கேள்விக்குறி, 'இது முன்னால் சொன்னதோடு ஒத்துப்போகவில்லையே' என்று ஒரு வரி. செயலிகளிலும் குறிப்பு வைக்கலாம், ஆனால் நடந்துகொண்டே கேட்பவர் எத்தனை முறை நின்று தட்டச்சு செய்வார்? அதேபோல வரைபடம், அட்டவணை, வம்ச மரம், அடிக்குறிப்பு எல்லாம் காதில் பெரும்பாலும் தொலைந்துபோகும். எண்கள் நிறைந்த ஒரு பத்தியை உரக்கப் படிக்கக் கேட்டால், மூன்றாவது எண் வரும்போது முதல் எண் மறந்திருக்கும்.

முன்னால் தாவுவதும் ஓர் உரிமை. போர்க்காட்சி நீள்கிறதா, இரண்டு பக்கம் ஓட்டமாகக் கண்ணை ஓட்டலாம். ஆனால் என் நாவல் அனுபவம் இங்கே எதிர்ச்சாட்சி சொல்கிறது. நான் ஓட்டியிருக்கக்கூடிய வர்ணனைகளை அந்தக் குரல் ஓட்டவிடவில்லை. அவற்றைக் கேட்ட பிறகுதான் ஆசிரியர் ஏன் அங்கே அவ்வளவு நேரம் நின்றார் என்று புரிந்தது. வேகம் என் கையில் இருந்தபோது அதை நான் எப்போதும் நன்றாகப் பயன்படுத்தவில்லை.

தேர்வே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு வழியும் திறந்திருப்பவர்களுக்கான பேச்சு. ஒலிப்புத்தகம் பிறந்தது அப்படிப்பட்டவர்களுக்காக இல்லை. ஒலியைப் பதிவு செய்து திரும்பக் கேட்கவைக்கும் போனோகிராஃபை 1877இல் கண்டுபிடித்த எடிசன், அடுத்த ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டு எழுதியபோது, பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகங்களையும் அதில் சேர்த்தார். ஆனால் அன்றைய உருளையில் சில நிமிடங்களுக்கு மேல் பதிவு செய்ய முடியாது. முதல் உலகப் போரில் பார்வை இழந்து திரும்பிய வீரர்கள் பலருக்கு வளர்ந்த வயதில் பிரெய்லி கற்பது கடினமாக இருந்தது. அவர்களுக்குப் புத்தகம் வேண்டும் என்ற தேவைதான் அந்தப் பழைய கனவை நிஜமாக்கியது. அமெரிக்காவில் 1934இலும் பிரிட்டனில் 1935இலும் பேசும் புத்தகங்கள் வந்தன. அமெரிக்க ஒலித்தட்டுகளில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். ஒரு நாவலைக் கேட்டு முடிக்க 15 தட்டுகளுக்கு மேல் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட வேண்டும். இசை ரசிகர்களின் கைக்கு, மெதுவாகச் சுழன்று நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு 1948இல்தான் பரவலாக வந்தது. பார்வையற்ற வாசகர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மெதுவாகச் சுழலும் தட்டில் நாவல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 1963இல் கேசட், தொண்ணூறுகளில் கணினிக் கோப்பு, இன்று கைப்பேசி. அச்சைப் பயன்படுத்த முடியாதவர்களுக்காக நூல்களை மாற்று வடிவில் ஆக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

எழுத்தை ஒலியோடு இணைத்துப் படிப்பது கடினமாக இருக்கும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள், கை நடுங்குவதால் புத்தகத்தைப் பிடிக்க முடியாதவர்கள், வயதாகிச் சிறிய எழுத்து தெரியாமல் வாசிப்பையே விட்டவர்கள் என்று இன்னும் எத்தனையோ பேருக்கு இது ஒன்றுதான் வாசல். கண் சோர்ந்துபோன ஒரு முதிய வாசகர் மறுபடியும் ஒரு நாவலுக்குள் போவதைப் பார்த்தவர்கள், கேட்பது வாசிப்பா என்ற கேள்வியை மறுபடி எழுப்பமாட்டார்கள்.

மற்ற சில கணக்குகள்

அச்சுப் புத்தகம் உங்கள் சொத்து. கடன் கொடுக்கலாம், பரிசளிக்கலாம், விற்கலாம். செயலியில் வாங்கும் ஒலிப்புத்தகம் பெரும்பாலும் கேட்பதற்கான உரிமம் மட்டுமே. படித்து முடித்து நண்பரிடம் தூக்கிக் கொடுக்க முடியாது. காப்புரிமை முடிந்த பழைய நூல்களுக்கு 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் போன்ற தன்னார்வலர் முயற்சிகளில் இலவசப் பதிவுகள் கிடைக்கின்றன. வாசிப்பின் தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒலியளவில் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, குழந்தைகளுக்கு 75. இரைச்சலான இடத்தில் கதை கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாமல், அங்கே கேட்பதையே தள்ளிப்போடலாம். தூங்கப்போகும்போது கேட்பவர்கள் பதிவு தானாக நிற்கும் நேரத்தை 15 நிமிடத்துக்கு வைத்துக்கொண்டால், மறுநாள் தொலைந்த அத்தியாயத்தைத் தேட வேண்டியிருக்காது. நேரம் வைக்க மறந்து இரண்டு மணி நேரக் கதையை உறக்கத்தில் விட்டிருக்கிறேன். யார் இறந்தார்கள் என்பது எனக்குப் பின்னால் வேறொருவர் பேச்சில்தான் தெரிய வந்தது.

எந்தப் புத்தகத்துக்கு எது

இனி நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்கிறேன். நீண்ட நாவல், அதுவும் பாத்திரங்களும் உரையாடலும் நிறைந்தது என்றால் காது. ஆனால் முதல் இருபது முப்பது பக்கங்களை அச்சில் படித்துவிடுவேன். பெயர்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் காதில் குழப்பம் வராது. தன்வரலாறு, அதுவும் எழுதியவரே படித்திருந்தால், யோசிக்காமல் காது. தன் அம்மாவின் மரணத்தைப் பற்றி எழுதிய வரியை அவரே படிக்கும்போது குரல் எங்கே தயங்குகிறது என்பது எந்த அச்சிலும் வராது. துப்பறியும் கதை இரண்டுக்கும் பொருந்தும். கேட்டால் கடைசிப் பக்கத்தைப் பார்க்கும் ஆசையிலிருந்து தப்பலாம், வலது கையில் மிச்சமிருக்கும் தடிமனை வைத்து முடிவு நெருங்குவதை ஊகிக்கவும் முடியாது.

வாதத்தின் மேல் வாதம் அடுக்கும் தத்துவம், அறிவியல், இலக்கணம், தேர்வுப் பாடம் என்றால் அச்சு. வேண்டுமானால் முதலில் ஒருமுறை நடந்துகொண்டே கேட்டு, நூலின் நிலப்பரப்பு எப்படி என்று தெரிந்துகொண்டு, பிறகு பென்சிலோடு உட்காரலாம். அந்த அறிவியல் நூலை நான் தற்செயலாக இந்த வரிசையில்தான் முடித்தேன். கேட்டது வீண்போகவில்லை என்பது இரண்டாவது அத்தியாயத்திலேயே தெரிந்தது. வரலாறு, கதையாகச் சொல்லப்பட்டிருந்தால் காது. வரைபடமும் ஆண்டுகளும் நிறைந்திருந்தால் அச்சு.

கவிதைக்கு இரண்டும் வேண்டும். மரபுக் கவிதையின் சந்தம் காதுக்கு எழுதப்பட்டது. சீர் எங்கே முடிகிறது, எதுகை எங்கே விழுகிறது என்பதை நல்ல குரலில் ஒருமுறை கேட்டால் பாட்டு தானாகத் திறக்கும். ஆனால் புணர்ச்சியில் ஒட்டிப்போன சொற்களைப் பிரித்துப் பொருள் காண எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். புதுக்கவிதையில் வரி உடைவதும் வெற்றிடமும் பக்கத்தில்தான் தெரியும், குரல் அவற்றை ஒரு மூச்சில் தாண்டிவிடும்.

எழுத்துக் கற்கும் குழந்தைக்கு, பக்கத்தைத் திறந்து வைத்து விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே கேட்கச் சொல்லலாம். தன்னால் இன்னும் படிக்க முடியாத அளவு பெரிய கதையைக் காது முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்துவிடும். அதன் எழுத்தை எட்டிப்பிடிக்கக் குழந்தைக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

சோர்ந்த நாளில் என்ன செய்வது என்றும் கேட்கலாம். முன்பே அச்சில் படித்துப் பிடித்துப்போன ஒரு புத்தகத்தைக் காதில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவதைவிட நல்ல ஓய்வு எனக்குத் தெரியாது. கதை தெரிந்திருப்பதால் மனம் அலைந்தாலும் நஷ்டமில்லை, திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம்.

அந்தப் பெரிய நாவலைப் போன மாதம் மறுபடி எடுத்தேன், இம்முறை அச்சில். நூறாவது பக்கத்தை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. அந்த வீட்டுப் பாட்டி பேசும் இடங்களில் எல்லாம் வாசிப்பாளரின் குரல்தான் எனக்குள் கேட்டது. அதை மாற்ற முடியாது, மாற்றவும் விருப்பமில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தில் அந்தக் குரல் மெல்ல விலகிக்கொண்டது. ஒலியில் 22 நிமிடம் ஓடிய அத்தியாயம் அது. படித்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வெறுமையான வீட்டைப் பாட்டி சுற்றிப் பார்க்கும் பத்தியில், ஒவ்வொரு அறைக்கும் ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.